கியர் பக்கம் குடிபோன இதயம்

லாரி டிரைவரின் இதயம் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குக் குடிபோனது அவர் வெளிநாடு போன இரண்டாம் வருஷம், டீசல் விலை ஏறிய அதே வாரத்தில். எல்லோரும் டீசலைப் பற்றித்தான் பேசினார்கள். இதயத்தைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்ளவில்லை, டிரைவர் உட்பட. காரணம் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. சொந்த நாட்டில் வண்டி சாலையின் இடப்பக்கம் ஓடும். ஸ்டியரிங் வலப்பக்கம், கியர் இடது கைக்கு. போன நாட்டில் எல்லாமே மாற்றம். ஸ்டியரிங் இடப்பக்கம், கியர் வலது கைக்கு. இருபது வருஷத்துக்கு மேல் கியருக்குப் பக்கத்திலேயே குடியிருந்து பழகிய இதயம், திடீரென்று ஜன்னலோரம் உட்கார்ந்து எதிரே வருகிற வண்டிகளுக்கெல்லாம் முகம் கொடுக்க வேண்டியதாயிற்று. எத்தனை நாள்தான் பொறுக்கும்? மெல்ல மெல்ல நகர்ந்து கியர் பக்கமே போய்ச் சேர்ந்தது. லைசென்ஸ் புதுப்பிக்கப் பரிசோதித்த கம்பெனி டாக்டர் குழாயை இடப்பக்கம் வைத்தார், சத்தமில்லை. வலப்பக்கம் வைத்தார், கேட்டது. சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அந்த வயதில் நாடு விட்டு நாடு போக டிரைவருக்கு என்ன தலையெழுத்து என்று கேட்கலாம். உள்ளூர் முதலாளி லாரிகளை ஒவ்வொன்றாக விற்று, ஷெட் இருந்த இடத்தில் கடைகள் கட்டி வாடகைக்கு விட்டுவிட்டார். கூட ஓட்டியவர்களில் ஒருவர் லிஃப்ட் இயக்கப் போனார், இன்னொருவர் செல்போன் உறை விற்றார். நம் டிரைவரும் ஒரு இரும்புக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். யாராவது "போலாம்" என்று சொன்னாலே இடது கால் தானாகத் தரையை அழுத்தும், அங்கே கிளட்ச் இருக்கிற மாதிரி. ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதையும் பிடிக்கத் தெரியாத கை அது. அதை வைத்துக்கொண்டு ஆணி எடை போட முடியுமா? வெளிநாட்டில் டிரைவருக்குப் பஞ்சம் என்று கேள்விப்பட்டதும் விண்ணப்பித்துவிட்டார். வீட்டில் கேட்கவில்லை, சொன்னார். அதுதான் தப்பு.

சம்சாரம் தையல் வேலை செய்கிறவள். பள்ளிக்கூடச் சீருடை தைப்பதில் அவள் கை ராசியான கை. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் இருந்தது இவர்கள் இரண்டு பேரும் தையல் மிஷினும்தான். விஷயத்தைக் கேட்டதும் அவள் மிஷினை நிறுத்தவில்லை. ஒரு முழுக்கைச் சட்டையை முடித்து, நூலைப் பல்லால் கடித்துவிட்டுத்தான் தலையைத் தூக்கினாள்.

"போறவர்தான் திரும்பி வரணும். வேற ஆள் வந்து நின்னா வாசல்லயே நிறுத்திருவேன்."

இது ஏதோ கோபத்தில் சொல்கிற பேச்சு என்று டிரைவர் சிரித்துக்கொண்டே விமானம் ஏறினார்.

போன நாட்டில் முதல் நாள் அவர் வழக்கப்படி வலது கதவைத் திறந்து ஏறி, கம்பீரமாக உட்கார்ந்து, எதிரே பார்த்தால் ஸ்டியரிங் இல்லை. பயிற்சி கொடுக்க வந்தவர் கீழே நின்று பொறுமையாக டீ குடித்துக்கொண்டிருந்தார். இடப்பக்கம் ஓட்டும் நாட்டிலிருந்து வருகிற அத்தனை பேரும் முதல் நாள் அங்கேதான் உட்காருவார்களாம். ஆறு மாதத்தில் நெடுஞ்சாலை பழகிவிட்டது, ரவுண்டானாவும் பழகிவிட்டது. பிறகு உடம்பு பழக ஆரம்பித்தது. ஊரில் ஜன்னலில் சாய்த்து ஓட்டியதால் எப்போதும் வலது கைதான் கறுத்திருக்கும். அது வெளுத்து இடது கை கறுத்தது. அது வெயில் செய்கிற வேலை, சரி. ஆனால் இடது கன்னத்து மச்சம் வலது கன்னத்துக்கு வந்ததும், வகிடு தானாக மறுபக்கம் பிரிந்ததும், கையெழுத்து இடது கையில் அழகாக வந்ததும் எதில் சேர்த்தி என்று கேட்டால் பதில் கிடையாது. அறையில் கூடத் தங்கியிருந்த இன்னொரு டிரைவர், தனக்குக் குடல் வால் மாறியது என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.

வாரம் ஒரு முறை வீடியோவில் பார்க்கும்போது சம்சாரமும் மச்சத்தைக் கவனித்தாள். செல்போனில் முகம் அப்படித்தான் திரும்பித் தெரியும் என்று மகள் சமாதானம் சொன்னாள். இருக்கும் என்று விட்டுவிட்டாள். ஆக இரண்டு வருஷமும் பழி செல்போன் மேலேயே போனது.

விடுமுறைக்கு வந்த டிரைவர் வீட்டு வாசலில் பெட்டியோடு நின்றபோது முகத்துக்கு முன்னால் செல்போன் இல்லை. சம்சாரம் பார்த்தாள். உள்ளே போய் இஞ்ச் டேப்பை எடுத்து வந்தாள். எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தது திறந்தபடி இருக்க, வாசலிலேயே நிற்கவைத்து அளவெடுத்தாள். கழுத்து சரி, மார்பு சரி, கை நீளம் சரி. ஆனால் எப்போதும் வலது தோளில் இருக்கிற லேசான இறக்கம் இப்போது இடது தோளில் இருந்தது. கடைசியாக உள்ளங்கையை மார்பின் இடப்பக்கம் வைத்தாள். ஆளில்லாத வீடு மாதிரி கிடந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள், உள்ளே விட்டாள், முன் அறையில் பாய் போட்டாள். வந்திருக்கிற விருந்தாளிக்கு என்ன மரியாதையோ அதில் ஒரு குறை வைக்கவில்லை. டிரைவருக்கு அதுதான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பார். சொந்த வீட்டில் "சாப்பிடுறீங்களா?" என்று தன்னைக் கேட்டுச் சோறு போடுகிறாளே என்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

கொஞ்ச நாள் பொழுது போக மச்சினனின் மினி லாரியை வாங்கி ஓட்டினார். அங்கே ஏறிய நாளில் வலது கதவைத் திறந்தவர், இங்கே இடது கதவைத் திறந்து ஏறி ஸ்டியரிங்கைத் தேடினார். மச்சினன் வாயைத் திறக்காமல் இருந்தது அவர் செய்த புண்ணியம். கியர் மறுபடி இடது கைக்கு வந்ததும் இதயம் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு பழைய வீட்டுக்குக் கிளம்பியது. பாதி வழியில், நட்ட நடு மார்பில், சிக்கிக்கொண்டது. டிரைவர் பெட்ரோல் பங்கில் மூச்சுத் திணறி உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இந்தத் தடவை எப்படியோ திரும்பி வலப்பக்கமே போய்விட்டது, ஆனால் வருஷா வருஷம் இப்படிப் போய் வந்துகொண்டிருந்தால் ஒரு நாள் நடுவிலேயே நின்றுவிடும், முதலுக்கே மோசம் என்றார். எந்தப் பக்கம் என்றாலும் தனக்கு ஆட்சேபம் இல்லை, ஏதாவது ஒரு பக்கம் முடிவு செய்யச் சொன்னார். அங்கே ஓட்டுவதென்றால் அங்கேயே இருந்துவிட வேண்டும். இங்கே இருப்பதென்றால் இனி எந்த வண்டியும் தொடக்கூடாது.

டிரைவர் யோசிக்கக்கூட இல்லை. இங்கேயே இருந்துவிடுகிறேன் என்றார். அவர் மிஷினுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பட்டன் எடுத்துக்கொடுத்தார். தெருவில் லாரி போனால் ஓட்டையா புதுசா, காலியா லோடா என்று சத்தத்திலேயே சொல்லிவிட்டு, பிறகு தரையைப் பார்த்தார். கால் மட்டும் விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் சிமெண்ட் தேய்ந்து குழி விழுந்தது. ஒரு மத்தியானம் அந்தக் குழியில் நூல் சுற்றிய பாபின் உருண்டுபோய் விழ, அதைக் குனிந்து எடுத்த சம்சாரம் எழுந்திருக்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க மாறிட்டீங்கன்னு எனக்குக் கோவமில்ல. நான் இல்லாம மாறிட்டீங்க. அதான் தாங்கல."

"இப்பதான் இங்கயே இருக்கேன்னு சொல்லிட்டேனே."

"இப்படி உக்காந்து கெடக்குற ஆள நான் கட்டிக்கல. நீங்க போய் வண்டிய ஓட்டுங்க. நானும் வரேன். இனிமே எது மாறுறதா இருந்தாலும் என் கண்ணு முன்னால மாறட்டும்."

அதற்குப் பிறகு கம்பெனிக்கு எழுதினதும், குடும்ப விசா வந்ததும், வீட்டைப் பூட்டி மகளிடம் சாவி கொடுத்ததும் மளமளவென்று நடந்தன. தையல் மிஷினின் தலையை மட்டும் கழற்றிப் புடவையில் சுற்றி அவள் கைப்பையாகவே கொண்டுபோனாள். டயர் கடைக்கு மேலே இரண்டு அறை கிடைத்தது. மற்ற டிரைவர்களின் வீட்டுக்காரிகள் வந்து, உனக்கு எப்போது மாறும் என்று ஆசையாக விசாரித்தார்கள். அவளுக்கு மாறவில்லை. அவள் கியர் பிடிக்கிறவள் இல்லையே. துணி தள்ளுகிற கைக்கு எந்த நாட்டிலும் ஒரே பக்கம்தான். கீழே இருந்த வீதி முழுக்க அவளிடம் கால்சட்டை சுருக்க வந்தது. மொழி தெரியாது, இடுப்பைக் காட்டுவார்கள், குண்டூசி குத்துவாள், கதை முடிந்தது. வந்த நாளிலிருந்து பாய் ஒன்றுதான். ஆனாலும் மார்பின் இடப்பக்கம் தலை வைத்துப் படுத்துப் பழகியவளுக்கு அங்கே சத்தமில்லாதது சத்தமில்லாததுதான். வலப்பக்கம் வைத்துப் பார்த்தால் கழுத்து வலித்தது. குறையாக அதை வெளியே சொல்லவும் இல்லை.

அடுத்த குளிர்காலத்தில் மலைப்பாதையில் புயல் அடித்துச் சாலையை மூடினார்கள். டிரைவரின் வண்டி மேலே மாட்டிக்கொண்டது. போனில் சார்ஜ் போய்விட்டது. கம்பெனியைக் கேட்டால் விசாரிக்கிறோம் என்றது. சம்சாரம் ஊசியில் நூல் கோக்க முடியாமல் ஜன்னலிலேயே நின்றாள். பாதை திறந்த அன்று காலை டிரைவர் லோடை இறக்கக்கூடப் போகாமல் டிரெய்லரை டயர் கடை வாசலில் நிறுத்திவிட்டுப் படியேறினார். கதவு திறந்தே இருந்தது. முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் பட்டப்பகலில், கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு, அவள் அவரைக் கட்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

கட்டிக்கொண்டவள் அப்படியே அசையாமல் நின்றாள். உலகத்தில் யார் யாரைக் கட்டிக்கொண்டாலும் ஒருவர் இதயம் ஒரு ஓரம், இன்னொருவர் இதயம் மறு ஓரம். இவருடையது வலப்பக்கம், அவளுடையது இடப்பக்கம்; இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்து அடித்தன.

"அசையாதீங்க," என்றாள். "இத்தன வருஷமா எதிர்வீடு மாதிரி இருந்துச்சு. இப்பதான் ஒரே வீட்டுக்கு வந்திருக்கு."

டிரைவர் அசையவில்லை. கீழே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, டயர் கடைக்காரர் வந்து அணைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு லோடு தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. பாதை காலையிலேயே திறந்தாயிற்றே என்று கம்பெனியில் காரணம் கேட்டார்கள். டிரைவர் உள்ளதை உள்ளபடி சொன்னார். சரி என்று குறித்துக்கொண்டு, திரும்பி வரும்போது ஏற்றிவர வேண்டிய லோடு எங்கே இருக்கிறது என்று சொன்னார்கள்.