பின்கதவைச் சாத்தும் வரை

2015 மார்ச் 17, செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால் மணி. வாகனப் பரிசோதனை நிலையம் எங்கள் காருக்குக் கொடுத்திருந்த கெடு அன்று நண்பகலோடு முடிவதாக இருந்தது. பின்விளக்குகள் எரியவில்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தார்கள். மூன்றாம் முறையும் தவறினால் காரைச் சாலையில் எடுக்கக் கூடாது. இடுப்பில் அறுவை முடிந்து ஐந்து வாரமே ஆகியிருந்த என் கணவரால் பேருந்துப் படி ஏற இயலாது. தாழ்ந்த இருக்கையில் அமரக் கூடாதென்பதால் வாடகைக் காரும் உதவாது. வாரம் மும்முறை நடைப்பயிற்சிக்கு அழைத்துச் செல்ல எங்கள் உயரமான காரை விட்டால் வேறு வழியில்லை.

அவர் பின்னிருக்கையில் தயாராக உட்கார்ந்திருந்தார். வாசலில் என் தம்பியும் எலக்ட்ரீஷியனும் காரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பாருக்கா, ஜம்முன்னு எரியுது. நான் அப்பவே சொன்னேன்ல?" என்றான் தம்பி, நான்காவது முறையாக.

ஒன்பது நாளாக இதே கதை. ஃபியூஸ் டப்பாவும் கருவிப் பையும் காரின் பின்புறம் இருந்ததால், பின்கதவை மேலே தூக்கித் திறப்பார்கள். போன ஃபியூஸை மாற்றுவார்கள். விளக்கு எரியும். அதை அணைத்துவிட்டு, கருவிகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவார்கள். புறப்படும்போது நான் சுவிட்சைப் போட்டால் எரியாது.

"வாசல்ல எரிஞ்சா போதாதுடா. அங்க போயும் எரியணும்" என்றேன்.

"பல்பு நல்லாருக்கு, சுவிட்சு நல்லாருக்கு. என்னைக் கிறுக்கனாக்குதும்மா இந்த வண்டி" என்றார் எலக்ட்ரீஷியன்.

உள்ளிருந்து என் கணவர் கத்தினார். "ஒரு மணி நேரமா புழுதியெல்லாம் என் கழுத்துலதான் விழுது. அந்தக் கதவைச் சாத்துறீங்களா, நான் இறங்கி நடந்தே போயிரட்டுமா?"

"நீங்க நடந்துட்டா இந்தக் காரே வேண்டாமே அத்தான்!"

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சலில்ல மாப்பிள்ளை. சாத்து!"

தம்பி வெடுக்கென்று சாத்தினான். விளக்கை அணைக்க மறந்திருந்தான். கதவு படிந்த அதே நொடியில் இரண்டு விளக்குகளும் அணைந்தன.

எலக்ட்ரீஷியன் கதவைத் திறந்து, கீலருகே இருந்த ரப்பர் குழாயைப் பிடித்தார். "நம்பர் பிளேட் லைட்டுக்குப் போற வயர் இதுக்குள்ளதான் போகுது. கதவைச் சாத்தினா மடங்கி இரும்புல படுது. அதுக்கும் பின்விளக்குக்கும் ஒரே ஃபியூஸ். இத்தனை நாளா திறந்து வெச்சே பாத்திருக்கோமே!"

குழாயைக் கீறினார். உள்ளே வயர்கள் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கூரையின் உட்துணியை விலக்கினார், அங்கும் அப்படியே. "ஃபியூஸ் இருந்தா இவ்வளவு தூரம் உருகாதே. அதுக்குப் பதிலா வேற எதையாவது போட்டீங்களா?"

தம்பி தன் செருப்பைப் பார்த்தான். "போன வாரம் செம்புக் கம்பி… ஒரே ஒரு இழைதான்க்கா. தீஞ்ச வாடை வந்ததும் எடுத்துட்டேன்."

"நல்ல வேளை, வண்டி மிஞ்சிச்சு" என்றார் எலக்ட்ரீஷியன். "கூரை வரைக்கும் புது வயர் இழுக்கணும்மா. சாயங்காலம் ஆயிரும்."

மணி பதினொன்றரை.

"அந்தக் கம்பியையே இன்னொரு தரம் சுத்திருவோம்க்கா. கால் மணி நேரம் தாங்கினா போதும். பரிசோதனைச் சீட்டை வாங்கிட்டு அப்புறம் நிதானமா மாத்திக்கலாம்."

"போயிரலாம்மா" என்றார் என் கணவரும். குரல் இறங்கியிருந்தது. "இதை விட்டா நான் படுத்த படுக்கைதான்."

"உருகின வயர் உங்க தலைக்கு மேல ஓடுது. தீப்பிடிச்சா சட்டுனு இறங்க முடியுமா உங்களால?" என்றேன்.

அவர் கைத்தடியை எடுத்துத் தரும்படி கையை மட்டும் நீட்டினார்.

எடுக்கப்பட்ட முடிவு இது. கார் அன்று பரிசோதனைக்குப் போகவில்லை, கெடு தவறியது. எலக்ட்ரீஷியன் வயர் முழுவதையும் மாற்றினார். நிலையம் தந்த புதிய தேதி மார்ச் 31. அதுவரை கார் வாசலிலேயே நிற்கும். பயிற்சியாளரிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு, நடைப்பயிற்சியை வீட்டுக் கூடத்திலேயே செய்விக்க வேண்டும். என் கணவருக்கு ஒரு பக்கம் நான், மறு பக்கம் தம்பி. நாள்தோறும் காலை ஏழு மணிக்கு அவன் வர வேண்டும்.

"ஆறரைன்னாக்கூட வரேன்க்கா" என்றான்.

ஏழு என்றே வைத்துக்கொண்டோம்.