பூச்சட்டை விதைத்த பீன்ஸ்

எனக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டேன். கத்தினால் ஆறிவிடும். ஆற விடாமல் பத்திரமாக வைத்துக்கொள்வதுதான் என் வழக்கம். என் தையல் கடைக்கு நேர் எதிரே செடியும் தொட்டியும் உரமூட்டையும் விற்கிற அந்த மனுஷனுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் என் கையைப் பற்றி அப்படிப் பேசியிருக்க மாட்டார்.

தெருவே அவரைப் பூச்சட்டை என்றுதான் சொல்லும். வருஷம் பூராவும் பூப்போட்ட சட்டை. அதில் பாதியை இடுப்புப் பக்கம் பிரித்து அகலமாக்கிக் கொடுத்தவள் நான்தான். அவருடைய தொப்பை வளர்ந்த கதை முழுக்க என் டேப்புக்குத் தெரியும். இது நடந்தபோதும் ஒரு சட்டை என்னிடம்தான் கிடந்தது. அதை அப்புறம் பார்ப்போம்.

கடைக்குப் பின்னால்தான் நாங்கள் குடியிருக்கும் கட்டிடம். அங்கே ஒரு பழக்கம் உண்டு. யார் வீட்டு விதையானாலும் முதலில் என் கைக்கு வரும். நான் விதைத்து, முளைத்து, நாலு இலை விட்ட பிறகு அவரவர் தொட்டிக்குப் போகும். "அவ கைராசிக்காரி, கல்லை நட்டாலும் முளைக்கும்" என்பார்கள். வெளியில் "சும்மா இருங்க" என்பேன். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கும். எனக்கு இருந்த ஒரே பெருமை அதுதான்.

மேல்மாடியில் அக்கா தனியாக இருக்கிறாள். அத்தான் போன பிறகு, அவர் கையால் வந்தது என்று அவளிடம் மிஞ்சியது ஒரு டப்பா பீன்ஸ் விதை. மற்றதையெல்லாம் பிள்ளைகள் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பார்க்கச் சாதாரணமான மண்நிற விதைதான். முளைத்தால்தான் அதன் சங்கதி தெரியும்: தண்டு கத்தரிக்காய் நிறத்தில் ஊதாவாக ஏறும். வருஷா வருஷம் அக்கா அதில் ஒரு பங்கை என்னிடம் கொடுத்து விதைக்கச் சொல்வாள், காய்த்ததும் அந்தப் பங்கை மறுபடி டப்பாவில் நிரப்பிக்கொள்வாள். தன் கையால் போடவே மாட்டாள். "நான் போட்டு முளைக்காம போச்சுன்னா தாங்க மாட்டேன்டி. நீயே போடு" என்பாள்.

வீட்டுக் குப்பையை மக்க வைத்து நானே உரம் செய்வேன். இந்த வருஷம் அது போதவில்லை. எதிரேதானே கடை என்று பூச்சட்டையிடம் மூட்டை வாங்கினேன். அங்கே ஆரம்பித்தது சனியன்.

முதல் மூட்டை தங்கம். அதில் போட்ட கீரை தொட்டியை விட்டு வழிந்தது. அதே பெயர், அதே படம், அதே விலை என்று இரண்டாவது மூட்டையைப் பிரித்தால் உள்ளே மக்காத மரத்துண்டு, பிளாஸ்டிக் கவர், கண்ணாடிச் சில்லு. கண்ணாடி என் ஊசி பிடிக்கிற விரலையே கிழித்தது. போய்க் கேட்டேன். "இயற்கைன்னா அப்படித்தாம்மா, முன்னப்பின்ன இருக்கும்" என்று சிரித்தார். மூன்றாவது மூட்டை இருக்கிறதே, அது கறுப்பாக, மெத்தென்று, பிசைந்தால் மாவு மாதிரி இருந்தது. மழை பெய்த வாசனை வேறு. இதுதான் உசத்தி என்று தனியாக எடுத்து வைத்து, கட்டிடத்துத் தக்காளி விதையையும் அக்காவின் பீன்ஸையும் அதில்தான் போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எல்லாம் முளைத்தது. அடுத்த இலை வந்தபோது சுருள ஆரம்பித்தது. இலை விரியவே இல்லை. மடக்கின குடை மாதிரி கூம்பிக்கொண்டு, தண்டு முறுக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாகச் செத்தது. ஊதாத் தண்டுகள் தொட்டியில் சாய்ந்து கிடந்தன.

ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர்க் கடைக்குப் போனேன். பூச்சட்டை பக்கத்தில் வந்துகூடப் பார்க்கவில்லை. தண்ணீர் ஜாஸ்தி என்றார். வெயில் கம்மி என்றார். நான் நகராமல் நின்றதும் வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். மறுநாள் அக்கா அவரிடம் போய் என்னதான் ஆச்சு என்று கேட்டிருக்கிறாள். "உங்க தங்கச்சி கை சரியில்லம்மா. சில பேர் கை அப்படித்தான். தொட்டாலே வாடிடும்" என்றிருக்கிறார்.

அக்கா நேராக என் கடைக்கு வந்தாள்.

"உன் அத்தான் அத்தனை வருஷம் காப்பாத்தி வச்சதுடி."

"மண்ணு சரியில்லக்கா. நான் என்ன பண்ணுவேன்?"

"அதே மண்ணுல கீரை வந்துச்சே? மிச்ச விதை என்கிட்டயே இருக்கட்டும். இனிமே உன் கைல குடுக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுப் போனவள்தான். மாடிப்படியில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு ஏறுவாள். பேச்சு தெருவிலும் பரவியது. மருந்துக்கடை அம்மா தன் மகளுக்குத் தைக்கக் கொடுத்த துணியை வெட்டுவதற்கு முன்பே திருப்பி வாங்கிக்கொண்டு போனாள். "அவசரமில்லம்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். எனக்கா புரியாது? செடிக்கு ஆகாத கை துணிக்கு மட்டும் ஆகுமா என்ற நினைப்புதான்.

சரி, பார்த்துவிடுகிறேன் என்று கடைத்தெருவில் சாதாரண பீன்ஸ் வாங்கி, மூன்றாவது மூட்டையில் கொஞ்சம், என் வீட்டு உரத்தில் கொஞ்சம் போட்டேன். வீட்டு உரத்தில் ஜம்மென்று நின்றது. மூட்டையில் போட்டது சுருண்டது. மூட்டை இறக்க வந்த லாரி டிரைவரைப் பிடித்து விசாரித்தேன். "ஒரே இடத்துச் சரக்கு இல்லக்கா. எங்க கிடைக்குதோ அங்க அள்ளி அடைக்கிறாங்க. களைக்கொல்லி அடிச்ச புல்லைத் தின்ன மாட்டுச் சாணம் கலந்துட்டா அவ்ளோதான். சாணம் மக்கும், மருந்து மக்காது" என்றார். எந்த மூட்டையில் எது இருக்கிறதென்று கடைக்காரருக்குத் தெரியுமா என்று கேட்டேன். "எதுல எதுன்னு அவருக்கும் தெரியாது. கலப்படம்னு தெரியும், அதனாலதான் வாசல்ல வச்சிருக்கிற பூந்தொட்டிக்கெல்லாம் வேற இடத்துலேர்ந்து பேர் போடாத சாக்கு வருது" என்று சிரித்தார்.

அப்போதே கத்தியிருக்கலாம். யார் கேட்பார்கள்? என் கையால் போட்ட எதுவும் இனி சாட்சியாகாது. போட வேண்டியது அவர் கை.

அக்கா கொடுத்த விதையில் ஒரு கைப்பிடியை, எதற்கும் இருக்கட்டும் என்று பட்டன் டப்பாவில் எடுத்து வைத்திருந்தேன். அது அக்காவுக்குத் தெரியாது. அதை எடுத்துக்கொண்டு, கடையில் கூட்டம் அலைமோதுகிற நேரமாகப் பார்த்துப் போனேன். முகத்தில் அப்படி ஒரு பணிவு.

"அண்ணே, என் கைதான் சரியில்லன்னு சொல்லிட்டீங்க. உங்க கை ராசியான கை. இந்த பீன்ஸை நீங்களே போட்டுக் குடுங்களேன். உங்க மூட்டை, உங்க தண்ணி, உங்க கடை ஜன்னல். நான் தொடக்கூட மாட்டேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பூச்சட்டைக்குத் தலைகால் புரியவில்லை. "அதுக்கென்னம்மா" என்று ஒரு மூட்டையை இழுத்தார்.

"ஒரு மூட்டை எதுக்குண்ணே? எல்லா மூட்டையும் ஒண்ணுதானே? இங்க நிக்கிறவங்க ஆளுக்கு ஒண்ணு காட்டட்டும்" என்றேன்.

எங்கள் கட்டிடத்தில் குடியிருக்கும் லிஃப்ட் மெக்கானிக் அடுக்கின் அடியில் கிடந்ததைக் காட்டினார். மருந்துக்கடை அம்மா மேலே இருந்ததைக் காட்டினாள். ஆளுக்கொன்று காட்ட, மூட்டைக்கொரு தொட்டி என்று நிரம்பியது. பூச்சட்டையின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சப்பென்று ஆனது, ஆனால் அத்தனை பேர் முன்னால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? எனக்கும் பயம்தான். காட்டின மூட்டையெல்லாம் நல்லதாக அமைந்துவிட்டால் என் கதி அதோகதி. கையும் போச்சு, விதையும் போச்சு, அக்காவும் போச்சு. விதை என்ன ஜாதி என்று மட்டும் நான் வாயைத் திறக்கவில்லை.

தைத்துக்கொண்டே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முளை எட்டிப் பார்த்தது. ஊதா நிறம் என் கடை வாசலிலிருந்தே தெரிந்தது. அன்றைக்கே தொட்டிகள் காணாமல் போயின. "காத்து ஜாஸ்தியா இருக்கு, உள்ள வச்சிருக்கேன்" என்று எல்லோருக்கும் சொன்னார். திரும்பி வரும்போது ஒவ்வொரு தொட்டியிலும் செடி பச்சைப் பசேலென்று நின்றது. ஒரு இலைகூடச் சுருளவில்லை. பார்த்ததும் எனக்கு வந்த சிரிப்பை அடக்க ஊசியை வாயில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பூச்சட்டை வாசலில் நின்று வருகிறவர் போகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். மருந்துக்கடை அம்மாவும் வந்து நின்றாள். "பாத்தீங்களா? அதே மூட்டைதான். கைதான் முக்கியம்!"

நான் லிஃப்ட் மெக்கானிக்கிடம், "மேல எங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அத்தான் பீன்ஸ் எதிர்க் கடையில முளைச்சிருக்குன்னு" என்றேன்.

அக்கா காலுக்கொரு செருப்பாக மாட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். என்னைப் பார்த்த பார்வையில் கொலை இருந்தது. "மிச்சம் வச்சிருந்தியா நீ? அதை இவர்கிட்டயா குடுத்த?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். மாதக்கணக்கில் பேசாதவள் பேசின முதல் பேச்சு அது. நான் தொட்டிப் பக்கம் கையைக் காட்டினேன்.

அக்கா குனிந்தாள். இலையைத் தூக்கித் தண்டைப் பார்த்தாள். அடுத்த தொட்டி. அதற்கடுத்தது.

"இது எங்க பீன்ஸ் இல்ல" என்றாள்.

"உங்க தங்கச்சி குடுத்ததுதாம்மா. என் கையால போட்டேன், எல்லாரும் பாத்தாங்களே" என்றார் பூச்சட்டை.

"எங்க பீன்ஸ் தண்டு ஊதாவா வரும்."

"ஊதாவா வந்தா நோய்ம்மா! மண்ணுல சத்து இல்லன்னுதான் அர்த்தம். அதனாலதான் நான் அதையெல்லாம் எடுத்துட்டு..."

வாய் அப்படியே நின்றது. லிஃப்ட் மெக்கானிக்தான் கேட்டார்: "எடுத்துட்டு?"

முளை ஊதாவாக வந்ததும் தன் உரத்தில் சத்தில்லை என்று மனுஷன் தானே நம்பியிருக்கிறார். தன் சரக்கின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை அவ்வளவுதான். மாற்று ஏற்பாடாக, முதல் நாளே பேர் போடாத சாக்கு மண்ணில் தன் கடை பீன்ஸைப் போட்டு வைத்திருந்திருக்கிறார். அதைத்தான் தொட்டியோடு ஜன்னலுக்குக் கொண்டுவந்தார்.

நான் யாரையும் கேட்கவில்லை. கடைக்குள் புகுந்து பின்கதவைத் திறந்தேன். எல்லோரும் பின்னாலேயே வந்தார்கள். சுவரோரம் தொட்டி தொட்டியாக மண்ணோடு கொட்டின செடிகள் கிடந்தன. பாதிச் செடி குடை மடக்கினது மாதிரி சுருண்டு செத்திருந்தது. மீதி, நல்ல மூட்டை மண்ணில் வந்தது, அந்தக் குப்பையிலும் ஊதாத் தண்டோடு நிமிர்ந்து நின்றது. எது நல்லது, எது கெட்டது என்று தெரியாமல் மனுஷன் மொத்தத்தையும் கொட்டியிருக்கிறார். அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து, உயிரோடிருந்ததையெல்லாம் மண்ணோடு முந்தானையில் அள்ளினாள்.

"அம்மா, பெரிசு பண்ணாதீங்க. நல்ல உரம் எவ்வளவு வேணாலும் சும்மா தர்றேன்" என்று பூச்சட்டை என் பக்கம் வந்து குசுகுசுத்தார்.

"உரத்தை நீங்களே வச்சுக்குங்க. என் கையப் பத்தி எங்க அக்காகிட்ட சொன்னீங்க இல்ல? அதை இப்ப சரியா சொல்லுங்க."

"இந்தம்மா கைல தப்பில்ல" என்று முணுமுணுத்தார்.

"மெஷின் சத்தத்துலயே இருக்கிறவ நான். காது மந்தம். தெருவுக்குப் போய்ச் சொல்லுங்க."

போனார். சொன்னார். "அவங்க கைல தப்பில்ல. என் மூட்டைலதான் தப்பு." போட்டிருந்த பூப்போட்ட சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. எனக்கு அவர் மேல் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை, வரும் என்று நான் காத்திருக்கவும் இல்லை. மருந்துக்கடை அம்மா மறுநாளே துணியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நிறைய வேலை இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்று திருப்பி அனுப்பினேன். பூச்சட்டையின் சட்டையை இடுப்பில் அகலப்படுத்துவதற்குப் பதிலாக ஒரு விரற்கடை பிடித்துத் தைத்து அனுப்பி வைத்தேன். கேட்டால், "துணின்னா முன்னப்பின்ன இருக்கும்" என்று சொல்வதாக இருந்தேன். கேட்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் காலையில் அக்கா வந்தாள். கையில் விதை டப்பா. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கைய நீட்டுடி" என்றாள்.

நான் மெஷினை நிறுத்தவில்லை. நீளமான தையல். முடிந்ததும் அடுத்த துணியை எடுத்து ஊசிக்கடியில் வைத்தேன். ஊரே என்ன சொன்னாலும் எனக்கென்ன? அதை நம்பினவள் இவள். என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள்.

"நிக்கிறேன். எவ்வளவு நேரம் ஆனாலும் நிக்கிறேன்" என்றாள் அக்கா.

நிற்கட்டும் என்று விட்டேன். அந்தத் துணியும் முடிந்தது. நூலை அறுத்தேன், மடித்து வைத்தேன், பிறகுதான் கையை நீட்டினேன்.