தப்பு விடைக்காரி

ஆங்கிலத்தில் கோட்டை விட்டவர்களுக்கு எங்கள் போகோ ஊர்ப் பள்ளியில் மாலை வகுப்பு நடக்கும். சொல்லிக்கொடுத்தவன் ஒபியோரா. கல்லூரி முடித்த கையோடு அரசாங்கம் ஒரு வருடச் சேவைக்கு அனுப்பிவைத்த கிழக்கத்திப் பையன். காக்கிச் சட்டையும் கனத்த பூட்ஸுமாக வருவான். சேவைக்கு வருகிற எல்லோரையும் போல அவனையும் ஊரே கார்ப்பர் என்றுதான் கூப்பிடும்.

தேர்வில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "ஆட்டை விற்ற மனிதன் ஊரைவிட்டுப் போனான்" என்று ஆங்கிலத்தில் எழுதி, 'ஆட்டை விற்ற' என்பதன் கீழ் கார்ப்பர் கோடு இழுப்பான். இந்தத் துணைவாக்கியத்தின் பெயர் என்ன, வேலை என்ன? வகுப்பே கத்தும்: "அட்ஜெக்டிவ் கிளாஸ்! எந்த மனிதன்னு சொல்லுது!"

என் பக்கத்தில் இருக்கும் ஹெம்பதூன் மட்டும், "ஆடு, சார்" என்பாள்.

விடை சரியென்றால் அவன் அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுவான். தப்பென்றால் பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து சொல்லித் தருவான். அதற்காகவே இந்தக் கழுதை, பகலெல்லாம் சந்தையில் கிழங்கு விற்றுவிட்டு, குளித்து, பவுடர் பூசி, தப்பு விடையோடு வந்து உட்காரும்.

"மனசுல இருக்கறதைச் சொல்லித் தொலையேன்டி!" என்பேன்.

"போடி. சொன்னா சிரிச்சிட்டுப் போயிடுவாரு. இப்போ பக்கத்துலயாவது இருக்காருல்ல?"



சேவை முடிந்தது. வழியனுப்பு விழாவில், எங்கள் வழக்கப்படி கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட துணியை அவன் தோளில் போர்த்தினோம்.

"இங்கயே இருந்துடுங்க கார்ப்பர், பொண்ணு பார்த்துத் தர்றோம்!" என்று யாரோ கத்தினார்கள்.

"எனக்கும் ஆசைதான். ஹெட்மாஸ்டர்கிட்ட வேலைகூடக் கேட்டேன், தர்றேன்னாரு. ஆனா ஒருத்திக்கு ஒரே ஒரு கேள்வியை வருஷம் பூரா புரியவைக்க முடியல. நானெல்லாம் ஒரு வாத்தியாரா? வேண்டாம்னுட்டேன். அந்த வேலைக்கு வேற ஆளும் வந்தாச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். ஹெம்பதூன் முகம் செத்துப்போனது.

அவன் டாக்ஸியில் ஏறும்போது ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கமேல குறை இல்ல சார். அட்ஜெக்டிவ் கிளாஸ். எந்த மனிதன்னு சொல்லுது. எனக்கு எல்லாம் தெரியும்."

"எப்போலேருந்து?"

"நீங்க எடுத்த ரெண்டாவது மாலை வகுப்புலேருந்து."

"அப்புறம் ஏன் தப்புத் தப்பாச் சொன்ன?"

"சரியாச் சொன்னா அடுத்த பெஞ்சுக்குப் போயிடுவீங்களே."

ஒரு காலை உள்ளே வைத்தவன் அப்படியே நின்றான். டிரைவர் ஹாரன் அடித்தான்.

"அடிப்பாவி," என்றான். "உன்னை விட்டுப் போக மனசில்லாமத்தானே அந்த வேலையையே கேட்டேன்."