இரண்டு விளக்குக்கு ஒரு ஃபியூஸ்

இரண்டாவது ஃபியூஸும் கருகிவிட்டது. சின்னராசு அதைக் கரும்புக்கொல்லைக்குள் வீசினான். கல்வராயன் மலைக்குப் பின்னால் பொழுது இறங்கிவிட்டிருந்தது. வடக்கனந்தல் இன்னும் தொலைவில் இருந்தது.

காரின் பின்னிருக்கையில், தங்கை கண்ணகியின் மடியில் தலைவைத்து, அப்பா பொன்னுரங்கம் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். கள்ளக்குறிச்சி மருத்துவமனையில் கைவிரித்துவிட்டார்கள். சித்தப்பா கண்ணாயிரம் அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டு, முந்திய பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார்.

"உசுரோட வந்தா வூட்டுக்குள்ள. வழியில போச்சின்னா வாசப் பந்தலோட சரி. வெளிய செத்த பொணம் நெலப்படி தாண்டக் கூடாது."

செங்கல் செங்கல்லாகத் தாமே சுமந்து கட்டிய வீட்டுக்குள் நுழைய, ஒரு மனிதருக்கு மூச்சு சாட்சி சொல்ல வேண்டுமாம்.

காரும் அப்பாவுடையதுதான். அந்தப் பழைய வண்டியின் முகப்பு விளக்குகளுக்கு ஃபியூஸே கிடையாது. கம்பியின் மேலுறை உருகியிருந்ததைக் கண்டு, போன வாரந்தான் சின்னராசு ஒன்றைப் பொருத்தினான். இரண்டு விளக்குக்கும் சேர்த்து ஒன்று. சற்றுமுன் பள்ளத்தில் வண்டி குலுங்கியதும் ஏதோ ஒரு கம்பி தகரத்தில் உரசியது. இரண்டு விளக்கும் ஒருசேர அணைந்தன.

"ஃபியூஸு இல்லாமயே ஓடிக்கினு இருந்த வண்டி. நீ இன்னாத்துக்கு மச்சான் வைத்தியம் பாத்த?" என்றான் கண்ணகியின் கணவன் மாயவன். "சிகரெட்டு வெள்ளித்தாளச் சுத்தி வெச்சிட்டு எடு."

"அது ஃபியூஸு மாதிரி உருகி அறாது. கம்பிதான் பத்திக்கும். அப்பாவ உள்ள வெச்சிக்கினு கொளுத்தச் சொல்றியா?"

"ண்ணா, சீக்கிரம்," என்றாள் கண்ணகி. "மூச்சு வுட்டு வுட்டு வருது."

மிஞ்சியிருந்தது ஒரே ஃபியூஸ். எந்தப் பக்கத்துக் கம்பி உரசுகிறதென்று தேட நேரமில்லை. சின்னராசு இடப்பக்கக் கம்பியைப் பிடுங்கிவிட்டு ஃபியூஸைச் செருகினான். வலப்பக்க விளக்கு எரிந்தது. பக்கத்துக்கு ஒன்றாக வைத்திருந்தால் வண்டி நின்றே இருக்க வேண்டியதில்லை.

கண்ணகி அப்பாவிடம் பேசிக்கொண்டே வந்தாள். "ரைஸ்மில்லு தாண்டிட்டோம்ப்பா. ஏரிக்கரை வந்திடுச்சிப்பா."

பேச்சு நின்றது.

"இன்னா?" என்றான் சின்னராசு, திரும்பாமல்.

"ஒண்ணுமில்ல. நீ ஓட்டு." சற்றுப் பொறுத்து, முன்னிலும் உரக்கப் பேசத் தொடங்கினாள்.

வாசலில் கண்ணாயிரம் கார்க் கதவைப் பற்றினார். "உசுரு இருக்குதாடா?"

சின்னராசு திரும்பித் தங்கையைப் பார்த்தான்.

"இருக்குது சித்தப்பா," என்றாள் கண்ணகி. "மெதுவாத் தூக்குங்க."

சின்னராசு கால்களைப் பிடித்தான். அவை சில்லிட்டிருந்தன. நிலைப்படியைத் தாண்டி, நடுக்கூடத்தில் கிடத்தினார்கள். உறவுகள் சூழ்ந்து நின்றன.

கண்ணாயிரம் குனிந்து, அண்ணன் வாயில் ஒரு கரண்டிப் பால் விட்டார். அது இறங்கவில்லை, கடைவாயில் வழிந்து காதுவரை ஓடியது. அந்த முகத்தை அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு, கூட்டத்துக்குத் தம் முதுகைக் காட்டியபடி நகர்ந்து உட்கார்ந்து, தோள்துண்டால் துடைத்தார். இன்னொரு கரண்டி விட்டார், அதையும் துடைத்தார்.

"ரெண்டு வாய் குடிச்சிது," என்றார், யாரையும் பார்க்காமல்.

துண்டின் நனைந்த முனையை உள்ளங்கைக்குள் மடித்துக்கொண்டார்.