கேட்கக்கூடாத கேள்வி

கடலுக்குப் புறப்பட்டவனைப் பார்த்து ‘எங்கே போறே?’ என்று கேட்கக்கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காது. திரேஸ்புரத்தில் பல் முளைக்காத பிள்ளைக்குக்கூட இது தெரியும். ஆனால் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்கும் இந்தச் சட்டம் செல்லும் என்று கண்டுபிடித்த ஒரே ஆள் பவுல்தான்.

பவுலுக்குத் துறைமுகத்து லாஞ்சில் கயிறு போடுகிற வேலை. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். லாஞ்சை ஓட்டுகிற செராங்கு வருகிற கிறிஸ்மஸோடு வேலையை விடுகிறார். “பத்து பாஸ் சர்டிபிகேட்டக் கொண்டா, அந்த எடம் ஒனக்கு. இல்லன்னா ரெனிஷுக்குக் குடுத்துருவேன்” என்று காண்டிராக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ரெனிஷ் நேற்று மீசை முளைத்த பயல். தலைமயிரில் பாதிக்குச் செம்பட்டைச் சாயம் அடித்திருப்பான். அவன் மேலே நின்றுகொண்டு, “ஏ பவுலு, கயித்தப் போடும்” என்று ஏவ, தான் கீழே நின்று போடுவதை நினைத்தாலே பவுலுக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் தனித்தேர்வராகப் பணம் கட்டினான். தமிழ், இங்கிலீஷ், அறிவியல், சமூக அறிவியல் நாலையும் ஒரே மூச்சில் எப்படியோ தாண்டிவிட்டான். அந்த நாலு பரீட்சைக்கும் போகும்போது தெருவே கூடி ‘எங்க போறிய’ என்று கேட்டது. அப்போதெல்லாம் சகுனம் ஒன்றும் குறுக்கே வரவில்லை. கணக்கு வந்ததும்தான் சகுனமும் கூடவே வந்தது.

முதல் தடவை டீக்கடை ஜெயசிங் அண்ணாச்சி, “எங்க பவுலு, வெள்ளச்சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு?” என்று கேட்டார். அவ்வளவுதான், பவுல் வீட்டுக்குத் திரும்பி வந்து குப்புறப் படுத்துவிட்டான். இரண்டாவது தடவை மீன் விற்கிற செல்லக்கிளி கேட்டாள். அந்தத் தடவை அவன் பெண்டாட்டி ஹில்டா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். செல்லக்கிளி பேசாமல்தான் மீனுக்கு ஐஸ் போட்டுக்கொண்டிருந்தாள். பவுல்தான் அவள் முன்னால் போய் நின்று இரண்டு தரம் கனைத்து, காலரைத் தூக்கிவிட்டு, அவள் கேட்கிறவரைக்கும் நகரவில்லை. ஹில்டா அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் ஏதோ செய்யப்போகிறாள் என்று அர்த்தம். பவுலுக்கு அது இந்த இருபது வருஷத்தில் பிடிபடவில்லை.

ஹில்டா அங்கன்வாடியில் ஆயா. சமைத்துப் போட்டு, பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து, தூங்கவைத்துவிட்டு வருவாள். சென்னையில் வேலை பார்க்கிற மகள் அனுஜா அப்பாவுக்காகக் கணக்குப் பாட வீடியோக்களைச் செல்போனில் அனுப்பிக்கொண்டே இருப்பாள். வீடியோ ஓட ஆரம்பித்ததும் பவுல் குறட்டை விட ஆரம்பிப்பான். பக்கத்தில் ஹில்டா வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். முழிப்பு வந்து அவன் நிறுத்தப் போனால், “இருக்கட்டும், ஓடட்டும்” என்பாள். வெங்காயம் உரிக்கத் துணைக்குச் சத்தம் வேண்டியிருக்கிறது போல என்று அவன் நினைத்துக்கொள்வான்.

மூன்றாவது தடவையாகக் கணக்குப் பரீட்சை ஒரு வியாழக்கிழமை வந்தது. பவுல் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

“ஏளா, யாராவது கேட்டுட்டா என்ன செய்ய?”

“கேட்டா திரும்பி வாங்க. நான் என்ன சொல்லப்போறேன்” என்றாள் ஹில்டா. அவளும் நல்ல சேலை கட்டி, ஒரு மஞ்சள் பையோடு கூடவே கிளம்பினாள். வழியனுப்ப வருகிறாள், பைக்குள் தண்ணீர் பாட்டில் இருக்கும் என்று பவுல் நினைத்தான்.

டீக்கடைக்கு முன்னால் போய் நின்றான். ஜெயசிங் அண்ணாச்சி அவனைக் கண்டதும், “தோத்திரம் பவுலு” என்று சொல்லிவிட்டுப் பால் சட்டிக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, சட்ட எப்பிடி இருக்கு?”

“நல்லாருக்கு.”

“எங்கயோ கெளம்புத மாரி இருக்கா?”

“இருக்கு.”

“பொறவு?”

“பொறவு ஒண்ணுமில்ல. டீக்கு சீனி தூக்கலாப் போடவா?” அண்ணாச்சிக்கு நெற்றி வேர்த்து ஊற்றியது. வருகிறவன் போகிறவன் ஊர்க்கதை எல்லாம் கேட்டே கடை நடத்துகிற மனுஷன், பாவம்.

பவுல் வேண்டாத டீயைக் குடித்துவிட்டுச் செல்லக்கிளியிடம் போனான். எந்த வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பதுவரை தெருவில் அவளுக்குத் தெரியாமல் ஒன்று நடந்துவிட முடியாது. அவள் வாய் நிறைய வெற்றிலையை அதக்கிக்கொண்டு, முந்தானையால் வாயையும் பொத்திக்கொண்டு அவனைப் பார்த்தாள். கேட்க முடியாத கேள்வியால் அவள் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பவுல் கனைத்தான். காலரைத் தூக்கிவிட்டான். அவள் குனிந்து ஒரு சாளை மீனைத் தூக்கிக் காட்டி, வேண்டுமா என்று சைகை செய்தாள்.

தெருவே கட்டுப்பாடாக இருந்தது. குழாயடியில் நின்ற பானுப்ரியா குடத்துக்குள் பார்த்தாள். எதிரே வந்தவர்கள் எல்லாம் ‘தோத்திரம்’ சொல்லிவிட்டு ஓட்டமாய் நடந்தார்கள். ஒவ்வொரு ‘தோத்திரத்துக்கும்’ பவுலுக்குச் செவ்வகமும் சாய்சதுரமும் கண்ணுக்குள் வந்து நின்றன.

முக்கில் ஆட்டோ ஒன்று திரும்பியது. பவுலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆட்டோக்காரன் ‘எங்கே போகணும்’ என்று கேட்காமல் வண்டியை எடுக்கவே முடியாதே!

“ஏலே பெவின், நில்லு நில்லு!”

பெவின் நிறுத்தினான். இருவரும் ஏறினார்கள். பெவின் ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுத்தான்.

“ஏலே, எங்க போவணும்னு கேக்க மாட்டியா?”

“மாட்டேன் மாமா.”

“கேக்காம எப்பிடிலே வண்டி ஓட்டுவே?”

“அத்த நேத்தே வந்து சொல்லிட்டாவ. எனக்கு மட்டுமில்ல, தெருவுக்கே வீடு வீடாப் போயி சொல்லிட்டாவ” என்றான் பெவின், கண்ணாடியில் பார்த்து நமட்டுச் சிரிப்புச் சிரித்தபடி.

பவுல் பக்கத்தில் திரும்பி முறைத்தான். ஹில்டா கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். நமக்காகத்தான் செபமாலை சொல்கிறாள் என்று நினைத்ததும் அவனுக்குக் கோபம் போய் நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. இருந்தாலும் பயம் போகவில்லை.

பள்ளிக்கூட வாசலில் பையன்களும் பெண்களும் கடைசி நிமிஷத்தில் புரட்டிக்கொண்டு நின்றார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் அன்றைக்குத்தான் புதிதாக டியூட்டிக்கு வந்தவர். நரைத்த தலையோடு உள்ளே நுழையப்போன பவுலுக்கு முன்னால் லத்தியை நீட்டினார்.

“ஓய், நில்லும். எங்க போறீரு?”

பவுலுக்கு அவர் காலில் விழலாம்போல் இருந்தது.

“கேட்டுட்டாரு! ஏளா ஹில்டா, கேட்டுட்டாரு! நான் வந்தேனா இல்லையா? வாசல் வரைக்கும் வந்தேம்லா? இனி நான் என்ன செய்ய?” திரும்பி விறுவிறுவென்று நடந்தான். நடையில் ஒரு துள்ளல்கூட இருந்தது. ஆட்டோ போவதற்குள் பிடித்துவிட வேண்டும்.

பின்னால் போலீஸ்காரர் குரல் கேட்டது. “நீங்க எங்கம்மா போறிய?”

“பரிச்சைக்கி சார்.”

“பிள்ளைய விட வந்தியளா? வெளிய நின்னுக்கிடுங்க.”

“பிள்ளை இல்ல சார். நான்தான் எழுதுதேன்.”

பவுலின் கால் நின்றது. திரும்பினான். ஹில்டா மஞ்சள் பையிலிருந்து ஹால் டிக்கெட்டை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தாள். அதில் அவள் படம் ஒட்டியிருந்தது.

“ஏளா... நீயா? எப்பருந்து?”

“திங்கக்கெழம தமிழு. செவ்வா இங்கிலீசு. நேத்து சமூக அறிவியல். இன்னைக்கிக் கணக்கு. பத்து பாஸானா அங்கன்வாடியில டீச்சரா ஆவலாம்.”

“அப்ப ஆட்டோல செபமால...?”

“செபமாலையா? கூம்போட கன அளவு. மறந்து மறந்து போவுது.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?”

“நீங்க கேக்கல.” அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவனை என்னவோ செய்தது. “ஒங்கள எங்க போறியன்னு கேக்கப்பிடாதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தேன். என்னயக் கேட்டா ஒரு சகுனமும் கெடாது. நாலு நாளா இந்தச் சேலையக் கட்டிக்கிட்டு, இந்தப் பையத் தூக்கிக்கிட்டுப் போறேன். ஒருத்தரும் கேக்கல. மூணு நாளு இங்கன நின்ன வாட்ச்மேனுகூட, எந்தப் பிள்ளைக்கி அம்மாவோன்னு விட்டுட்டாரு. மொதல்ல கேட்டது இந்த சார்தான்.” போலீஸ்காரரைப் பார்த்து அவள் சிரித்தாள். அப்படிச் சிரித்து அவன் பார்த்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது.

பவுலுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இந்த வாரம் மூன்று நாளும் வேலை முடிந்து வந்து, சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, ‘என்னளா, இன்னைக்கும் பழங்குழம்பா?’ என்று கேட்டிருக்கிறான். அவளிடம் அவன் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

ஆட்டோ அப்போதும் அங்கேயே நின்றது. பவுல் மெதுவாக வாசலுக்குத் திரும்பி வந்தான்.

“இப்ப எங்க ஓய் போறீரு?” என்றார் போலீஸ்காரர் சலிப்போடு.

“கணக்குப் பரிச்சைக்கி” என்றான் பவுல், வாசலில் நின்ற பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற சத்தத்தில்.

“ஜாமெட்ரி பாக்ஸ் எங்க?” என்று அவர் அடுத்த கேள்வியைப் போட்டார்.

பவுல் தலையைச் சொறிந்தான். யாருமே கேட்காமல் போய்விட்டால் திரும்பி வர ஒரு சாக்கு இருக்கட்டும் என்று அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்திருந்தான். ஹில்டா பைக்குள் கையை விட்டு இரண்டு டப்பாக்களை எடுத்தாள். ஒன்றை அவன் கையில் வைத்தாள்.

“கட்டிலுக்கு அடியில பெருக்கும்போது கெடச்சுது.”

இருவரும் வேப்பமரத்தைத் தாண்டி நடந்தார்கள்.

“ஏளா, நீ எந்த ரூமு?”

“அஞ்சு. நீங்க ஆறு.”

“நாளைக்கும் உண்டா?”

“உண்டு. அறிவியல்.”

பவுல் சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மடித்துவிட்டுக்கொண்டான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்: “அப்ப இன்னைக்கிக் குழம்பு நான் வைக்கேன்.”

ஹில்டா அறை வாசலில் நின்று அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“வேண்டாம். வயிறு கெட்டுப்போனா நாளைக்கி எப்பிடி எழுத? கடையில வாங்கிருங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.