நூறு கிலோமீட்டருக்குப் பிறகு

தம்பி புது டயர் போட்ட பிக்கப்பைத் திருப்பும்போதே பட்டறைக்குள் இருந்த அண்ணனுக்குச் சத்தம் கேட்டுவிட்டது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் முன்சக்கரம் உள்பக்கத்து இரும்பில் உரசி, ரப்பர் தீயும் வாடை வந்தது.

"கால் அளவு தெரியாம செருப்பு வாங்கின கதையா இருக்கே."

"அகலமா இருந்தா பாரம் தாங்கும்னு சொன்னாங்க. நீ இருக்கியேங்கிற தைரியத்துல வாங்கிட்டேன்."

தம்பிக்கு, வீடு மாறுகிறவர்களின் பீரோவும் கட்டிலும் ஏற்றிப் போகும் பிழைப்பு. எதையும் தள்ளிப்போடுகிறவன் என்று வீட்டில் பெயர் வாங்கியிருந்தான்.

சக்கரத்தைக் கழற்றி, அது உட்காரும் இடத்தில் ஸ்பேசர் என்ற தடித்த அலுமினிய வட்டை வைத்து முறுக்கி, அதன்மேல் சக்கரத்தை மாட்டினான் அண்ணன். சக்கரம் ஒரு விரற்கடை வெளியே வந்தது. உரசல் நின்றது.

"நூறு கிலோமீட்டர் ஓடினதும் வந்துடு. உள்ளே இருக்கிற நட்டெல்லாம் மறுபடி முறுக்கணும். புதுசுல கொஞ்சம் தளரும். மறந்து தொலைக்காதே."

மூன்றாம் நாள் மதியம் தம்பி போன் செய்தான். "வண்டி காலியாதான் இருக்கு. வரட்டுமாண்ணா?"

அண்ணனுக்கு எதிரே ஒரு இன்ஜின் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. காரின் சொந்தக்காரர் பக்கத்திலேயே நின்று நச்சரித்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வாடா."

"சரி. அதிசயமா நானே வர்றேங்கிறேன், நீ விடமாட்டேங்கிறே."

மறுநாள் காலை பாரத்தோடு மேம்பாலத்தில் இறங்கும்போது இடது முன்சக்கரம் கழன்று ஓடியது. வண்டி பக்கச் சுவரில் மோதியது. ஆஸ்பத்திரி வாசல் வரைகூட தம்பியின் உயிர் தாங்கவில்லை.

ஸ்பேசர் நட்டுகள் மறுபடி முறுக்கப்படவில்லை என்று வண்டியைச் சோதித்த அதிகாரி எழுதினார். அவன் எதைத்தான் நேரத்துக்குச் செய்தான் என்று உறவுக்காரர்கள் தலையை ஆட்டினார்கள். அண்ணன் வாயைத் திறக்கவில்லை. பட்டறையில் முறுக்கிய நட்டையே திரும்பத் திரும்ப முறுக்கினான்.

இரண்டு மாதம் கழித்துத் தம்பி மனைவியைப் பார்க்கப் போனான். மகளின் பள்ளிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்க மாமா."

அவன் உட்காரவில்லை. "அவன் மறக்கலம்மா. முந்தின நாள் போன் பண்ணி வரட்டுமான்னு கேட்டான். நான்தான் நாளைக்கு வான்னு சொன்னேன்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அவர் அலட்சியத்தாலதான் போனார்னு இத்தனை நாளும் கோபமா இருந்தேன். போட்டோவைப் பார்த்துத் திட்டினேன். அந்தக் கோபத்தைப் பிடிச்சுக்கிட்டுதான் வேலைக்குப் போனேன், சமைச்சேன். இப்ப அதையும் பிடுங்கிட்டீங்களே."

"என்னைத் திட்டும்மா."

"உங்களை எப்படித் திட்டுவேன்? உங்க மேல உயிரையே வச்சிருந்தாரே."

அப்படியே தரையில் உட்கார்ந்து, புருஷன் போனதிலிருந்து அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதாள். போவதா நிற்பதா என்று தெரியாமல் அவன் கதவோரம் நின்றான். பிறகு மெல்லப் போய் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தான்.

அதன்பிறகும் அவள் அவனோடு பேசுவதை நிறுத்தவில்லை. மகளின் பள்ளிக்கூட விஷயம், வீட்டுக் குழாய் ரிப்பேர் எல்லாவற்றுக்கும் போன் செய்தாள். மாமா என்று கூப்பிடுவது மட்டும் நின்றுபோயிற்று.