பன்னிரண்டு மணி நேரத் தாமதம்

தென்காசியில் புது டிவி வாங்கி, அதன் படத்தையும் ஒலியையும் சரிசெய்தால், அது மாட்டியிருக்கும் வீடும் சேர்ந்தே சரியாகும். கடைக்காரர் வாங்கும்போதே சொல்லிவிடுவார். அட்டைப்பெட்டியிலும் சின்ன எழுத்தில் போட்டிருக்கும்.

குற்றாலிங்கத்தின் வீட்டுக்கு ஆனி மாதத்தில் ஐம்பத்தைந்து அங்குல டிவி ஒன்று வந்தது. ஓசூரில் வேலை பார்க்கும் மகள் வடிவு, அம்மா பொழுதுபோகாமல் இருக்கிறாள் என்று அனுப்பி வைத்தது. மாட்டிக்கொடுக்க வந்த மசூது சுவரில் நாலு ஓட்டை போட்டுக் கச்சிதமாக மாட்டினான். ஆனால் செட்டிங்ஸை மட்டும் கடையில் இருந்தபடியே விட்டுவிட்டுப் போய்விட்டான். கடையில் போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்க்கவேண்டும் என்று எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்திருப்பார்கள். அதனால் அன்று சாயங்காலம் குற்றாலிங்கம் மாடியேறி வந்து கதவைத் திறந்தபோது வீடு உச்சத்தில் இருந்தது. மனைவி உலகம்மாள் கட்டியிருந்த பச்சைச் சேலை கண்ணைக் குத்தியது. சுவரில் ஒன்பது வருடத்துக் கறைகள் ஒன்று விடாமல் தெரிந்தன. சட்னி போதுமா என்று அவள் கேட்டது நாலு சுவரிலும் மோதி, கொஞ்சம் கைதட்டலோடு வந்து சேர்ந்தது.

குற்றாலிங்கம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். காலை ஆறு மணிக்குப் போனால் ஏழு மணிக்குத்தான் வீடு திரும்புவார். அந்தப் பதின்மூன்று மணி நேரமும் ஹாரன், விசில், சங்கரன்கோவில் பஸ் ஏன் இன்னும் வரவில்லை என்று ஜன்னலில் முகத்தை வைத்துக் கேட்கிற ஜனம். இருபத்தேழு வருடமாக இதே பாடு. மனுஷன் அலுத்துப் போயிருந்தார். வீட்டுக்கு வந்தால் அவருக்குச் சாப்பாடு வேண்டும், பாய் வேண்டும், சத்தம் வேண்டாம். கேட்டால் இது ஒரு பெரிய ஆசையா என்பார்.

ஆகவே தினமும் சாப்பிட்டு முடித்ததும் ரிமோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் நாள் கைதட்டலை எடுத்தார். இரண்டாம் நாள் வெளிச்சத்தைப் பாதியாக்கினார், கறைகள் போயின. மூன்றாம் நாள் கலரைக் குறைத்தார், பச்சைச் சேலை சாம்பல் நிறத்துக்கு வந்து அடங்கியது. ஷார்ப்னஸ் மட்டும் கூடுதலாக இருந்தது. உலகம்மாளின் நரைமுடியை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் போலிருந்தது, அதையும் குறைத்தார். இப்போது அவள் ஓரங்கள் மழுங்கி, மெத்தென்று இருந்தாள். ஜன்னல் பக்கம் நின்றால் எது திரைச்சீலை, எது அவள் என்று ஒரு நிமிஷம் பார்த்துத்தான் சொல்லவேண்டும். ஒரு நாள் அவள் கண்ணாடி முன்னால் நின்று, தான் கொஞ்சம் மங்கலாகத் தெரிவதாகச் சொன்னாள். குற்றாலிங்கம் “ம்” என்றார்.

அவள் பேசுவதுதான் பாக்கி இருந்தது. உலகம்மாள் ஒன்றும் வாயாடி இல்லை. பகல் முழுக்கத் தனியாக இருப்பவள், ஏழு மணிக்கு ஆள் வந்ததும் சேர்த்து வைத்ததைச் சொல்வாள். தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது, வடிவு போனில் என்ன சொன்னாள், எதிர்வீட்டு ஜெபமணிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது. அவ்வளவுதான். அதற்கு இடையிடையே அவர் “ம்” போடுவார். சத்தத்தைக் குறைத்துப் பார்த்தார். அவள் கிட்டே வந்து பேச ஆரம்பித்தாள், அது இன்னும் சிரமமாக இருந்தது.

பிறகுதான் மெனுவின் அடியில் ஒலித் தாமதம் என்று ஒன்று இருப்பதைக் கண்டார். வாய் அசைவதும் சத்தமும் பொருந்தாமல் போனால் திருத்திக்கொள்வதற்காக வைத்தது. பூஜ்யத்திலிருந்து மூன்று நாள் வரைக்கும் தள்ளலாம். தாமதம் குற்றாலிங்கத்தின் தொழில். இருபத்தேழு வருடத்தில் எந்த பஸ்ஸையும் அவர் நிறுத்தியதில்லை. எப்போது வரும் என்பதைத்தான் கரும்பலகையில் மாற்றி மாற்றி எழுதினார். அவர் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்துப் பன்னிரண்டு மணி நேரம் வைத்தார். சாயங்காலம் ஏழிலிருந்து பத்து வரை அவள் பேசுவது காலை ஏழிலிருந்து பத்து வரை கேட்கும், அப்போது அவர் வேலையில் இருப்பார். காலையில் பேசுவது சாயங்காலம் அவர் வருவதற்குள் கேட்டு முடிந்துவிடும். அவள் வாயை அடைத்தாற்போலவும் இல்லை, அவர் காதுக்கும் ஓய்வு. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார்.

வீடு அதற்குப் பழகிக்கொண்டது. குக்கர் விசில் மறுநாள்தான் கேட்கும் என்பதால் உலகம்மாள் வாசனையை வைத்து அடுப்பை அணைத்தாள். போன் பேச மாடிப்படிக்குப் போனாள், படி வீட்டில் சேர்த்தி இல்லை. சீரியலில் சாயங்காலம் வாயசைத்து அழுதவர்கள் என்ன சொல்லி அழுதார்கள் என்பதைக் காலையில் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். அதோடு தன் குரலையும் கேட்டாள். முந்தின நாள் தான் சொன்னதற்கெல்லாம் இப்போது அவளே பதில் சொன்னாள். அப்படியா, பிறகு என்ன ஆச்சு என்று கேட்டாள். பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்துவிட்டதாக ஜெபமணியிடம் சொன்னாளாம். கேட்கப் பாவமாக இருக்கிறது, ஆனால் அவள் அப்படி நினைக்கவில்லை.

இப்படியே மூன்று மாதம் போனது. பிரசவ விடுப்பு முடிந்த வடிவு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மாவை ஓசூருக்குக் கூப்பிட்டாள். புதன்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு உலகம்மாள் பையோடு வாசலில் நின்றாள். குற்றாலிங்கம் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் உதடுகள் கொஞ்ச நேரம் அசைந்தன. முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையாட்டி “ம்” என்றார். இன்னும் ஒரு கணம் பார்த்துவிட்டு அவள் படியிறங்கிப் போனாள்.

அன்று சாயங்காலம் அவர் ஏழு மணிக்கு வந்தபோது ஜெபமணி தன் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

“சாயங்காலம் அஞ்சு நாப்பதுக்கு உங்க வீட்ல அக்கா குரல் கேட்டுச்சு, அண்ணாச்சி. உங்க பதிலும் கேட்டுச்சு. யோசிச்சுத்தான் சொன்னியளா?”

அக்கா என்ன சொன்னாள் என்று அவர் கேட்டார். அடுத்த வீட்டுப் பேச்சைச் சுமந்து வந்து சொல்லுகிற பழக்கம் தனக்கு இல்லை என்று சொல்லிவிட்டு ஜெபமணி கதவைச் சாத்திக்கொண்டாள். குற்றாலிங்கம் உள்ளே போய் விளக்கைப் போட்டார். வீட்டில் சத்தமே இல்லை. இத்தனை நாள் ஆசைப்பட்டது இதற்குத்தான். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் மாடிப்படியில் நின்று ஓசூருக்குப் போன் போட்டார். குழந்தை நன்றாக இருப்பதாக உலகம்மாள் சொன்னாள். அங்கே குளிர் ஜாஸ்தி என்றாள். வாசலில் என்ன சொன்னாய் என்று அவர் கேட்டார்.

“கேக்கலியா? தலையாட்டுனியளே.”

“கேக்கல. என்ன சொன்ன?”

“வீட்ல வச்சுச் சொன்னத வீட்ல வச்சுத்தான் கேக்கணும்” என்றாள். கோபமெல்லாம் இல்லை. குழந்தை எழுந்துவிட்டது, அவள் போனை வைத்தாள்.

டிவி மாட்டிய மசூதுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் கை ஒழிந்தது. இருவரும் படியில் உட்கார்ந்து பேசினார்கள். கேட்டு முடிந்த சத்தத்தைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று குற்றாலிங்கம் கேட்டார். மசூது சாதாரணமாகச் சொன்னான். தாமதத்தைக் கூட்டினால் வீடு பின்னால் போகும், கேட்டதே மறுபடி கேட்கும். மூன்று நாளுக்கு மேல் தள்ள முடியாது. புதன்கிழமை ஐந்து நாற்பது என்றால் நாளைக் காலை ஐந்து நாற்பது வரைக்கும்தான் கெடு. அதற்குப் பிறகு யார் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

“ஆனா அதுக்கப்புறம் ரிமோட்டத் தொடாதிய, அண்ணாச்சி. குறைச்சியன்னா வழியில வந்துக்கிட்டு இருக்கிற சத்தமெல்லாம் வழியிலயே போயிரும்.”

குற்றாலிங்கம் உள்ளே போய் மூன்று நாள் வைத்தார். உடனே செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கேட்க ஆரம்பித்தது. தோசைக் கரண்டியின் சத்தம், பிறகு உலகம்மாள். மாவு புளித்துவிட்டது என்றாள். ஜெபமணியை டாக்டரிடம் கூட்டிப்போனதைச் சொன்னாள். டாக்டர் மாடிப்படி ஏறக்கூடாது என்று சொன்னதற்கு, அப்படியானால் என்னைக் கீழே விட்டுவிட்டு வீட்டை இறக்கிக் கொடுங்கள் என்று ஜெபமணி கேட்டாளாம். குற்றாலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. நன்றாகத்தான் சொல்கிறாள் என்று நினைத்தார். அதற்குள் அவருடைய குரல் “ம்” என்றது. சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை, பஸ் வரவில்லை என்று ஜன்னலில் சொல்கிற அதே குரல். பத்து மணிக்குள் பதினான்கு தடவை அது வந்தது. ஒவ்வொரு தடவையும் அவருக்கு எழுந்து போய் அந்த ஆளின் வாயைப் பொத்தவேண்டும் போலிருந்தது.

சனிக்கிழமை ஐந்தரைக்கே குளித்து, சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். ஐந்து நாற்பதுக்குப் பையைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. ஆளில்லாத வாசலில் உலகம்மாளின் குரல் நிதானமாகப் பேசியது.

“இந்த வீட்ல நான் பேசுறது எனக்கு மட்டுந்தான் கேக்கு. குறை சொல்லல, என் பேச்ச நான் கேக்குறதும் நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுக்கு நான் எங்க இருந்தா என்ன? அதான் கேக்கேன். நான் அங்கயே இருந்துக்கிடட்டுமா?”

“ம்” என்றது குற்றாலிங்கத்தின் குரல்.

செருப்புச் சத்தம் படி வரைக்கும் போய் நின்றுவிட்டது. குற்றாலிங்கம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, அவள் நின்ற இடத்தைப் பார்த்து, “வேண்டாம். வந்துரு, உலகு” என்றார். வாய்தான் அசைந்தது. மணி ஐந்து நாற்பத்தொன்று.

பழக்கதோஷத்தில் சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, கதவின் வெளிப்பக்கத்தில் வரும் நேரம் செவ்வாய் 5.41 என்று எழுதினார். படிக்கு வந்து போன் போட்டுச் சொன்னார். கேட்டதற்குப் பதில் சொல்லியாகிவிட்டது, செவ்வாய்க்கிழமை காலையில் வந்து சேரும். என்ன பதில் என்று உலகம்மாள் கேட்கவில்லை. வீட்டில் வைத்துக் கேட்ட கேள்விக்குப் பதிலையும் வீட்டில் வைத்துத்தான் கேட்கவேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்வேன் என்றாள். திங்கட்கிழமை ராத்திரி பஸ்ஸில் இடம் இருக்கிறதா என்று மருமகனைப் பார்க்கச் சொல்வதாகவும் சொன்னாள்.

அதற்குப் பிறகு குற்றாலிங்கம் ரிமோட்டை அரிசிப் பானைக்குள் வைத்து மூடினார்.

செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தபோது படியில் மூன்று பேர் பையோடு உட்கார்ந்திருந்தார்கள். கதவில் நேரம் போட்டிருந்ததைப் பார்த்து, பஸ்ஸுக்கு என்று வந்தவர்கள். சரியான நேரத்துக்கு வந்துவிடுமா என்று ஒரு பெரியவர் கேட்டார், வந்துவிடும் என்று குற்றாலிங்கம் சொன்னார். அவருக்கு நாற்காலியை எடுத்துப் போட்டார். ஐந்தரைக்கு நாலாவதாக ஒரு பெண் படியேறி வந்து கடைசியில் உட்கார்ந்தாள். பச்சைச் சேலை. காதோரம் நரை, மூக்குத்தியில் ஒரு கல் இல்லை, இடது புருவத்தில் சின்னத் தழும்பு. படியில் செட்டிங்ஸ் கிடையாது என்பதால் எல்லாம் அப்படியே தெரிந்தது. அந்தக் கல் எப்போது விழுந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. உலகம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஐந்து நாற்பதுக்கு அவள் எழுந்து வந்து வாசலுக்கு உள்ளே ஒரு காலை வைத்து நின்றாள். ஓரங்கள் மறுபடி மழுங்கின. குற்றாலிங்கம் எதிரே நின்றார். ஐந்து நாற்பத்தொன்றுக்கு அவருடைய குரல் இருவருக்கும் நடுவில் வந்து சேர்ந்தது.

“வேண்டாம். வந்துரு, உலகு.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் தலை அசையவில்லை, உதடு பிரியவில்லை. தொண்டையில் மட்டும் ஏதோ லேசாக அசைந்தது. அவள் எச்சில் விழுங்கியிருக்கலாம். “ம்” சொல்லியிருக்கலாம். அதற்கு வாயைத் திறக்கவேண்டியதில்லை என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்.

அடுத்தது எப்போது என்று படியிலிருந்த பெரியவர் கேட்டார். குற்றாலிங்கம் பழைய நேரத்தைத் துடைத்துவிட்டு வெள்ளி 5.42 என்று எழுதினார். வந்தவர்கள் கையில் எடுத்த பைகளைத் திரும்பக் கீழே வைத்தார்கள். உலகம்மாளும் தன் பையை வாசற்படியின் மேல், இரண்டு பக்கமும் சரிபாதியாக இருக்கும்படி வைத்துவிட்டு, எல்லோருக்கும் காப்பி போட உள்ளே போனாள்.